கல்லடித் துரு (கார்)
காரில் கல் தெறித்து பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் பிடிக்கும் துரு. கோவை வழியே செல்லும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் (தே.நெ. 544) லாரிகளை ஒட்டிப் போகும் கார்களின் பானட் முனையைப் பார்த்தால் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிச் சாரல் அதை இன்னும் வளர்க்கும்.

கடுகளவுப் புள்ளிக்கு டிங்கரிங் பட்டறை தேவையில்லை. பளபளவெனத் தகடு தெரியும்வரை 320ஆம் எண் உப்புத்தாளால் தேய்ப்பதே முக்கால் வேலை. துரு மிச்சமிருந்தால் பெயிண்டுக்கு அடியில் பரவிக் கொப்புளமாக எழும்பும். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பிரைமரைத் தொட்டுவைத்துக் காயவிட்டு, வண்டியின் வண்ணக் குறியீட்டுக்குரிய டச்-அப் பெயிண்டை மெல்லிய பூச்சுகளாகக் கொடுக்க வேண்டும். மெட்டாலிக் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் அவசியம். சாரல் நாளில் இந்த வேலை கூடாது. தகடே ஓட்டையாகியிருந்தால் பட்டி வைத்து மூடுவது ஏமாற்று, வெல்டிங்தான் வழி.