வடம் செய்தியான வரலாறு

சுரக்குடி முதலிய காரைக்கால் ஊர்களில் இன்று ‘கேபிள்’ என்றால் தொலைக்காட்சி இணைப்பே நம் நினைவுக்கு வரும். நம் பாட்டனார் காலத்து வணிகர்க்கு அது கடல் கடந்து வந்த தந்தி. அதற்கும் முன்னர் அது கப்பற்கயிறு. இம்மாற்றத்தில் நம் கரையோர மக்களின் வரலாறும் கலந்துள்ளது.

கால்நடையைப் பிடிக்கும் கயிற்றைக் குறித்த ‘காப்புலம்’ என்னும் இலத்தீன் சொல்லே கேபிளின் மூலம். காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர் அதனைக் ‘காபிள்’ என்றனர். நங்கூரத்தோடு கப்பலைப் பிணிக்கும் பெருங்கயிறே அதன் பழம்பொருள். கடல்மைலில் பத்தில் ஒரு பங்கும், அதாவது ஏறத்தாழ 185 மீட்டரும், கப்பலோட்டிகளுக்கு ஒரு ‘கேபிள்’ ஆகும். தமிழில் இக்கயிறு வடம் எனப்படும். தேரை இழுப்பதும் வடம். கழுத்தில் அணிவதும் வடம். அரபியிலும் கப்பல் வடத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. ஊசியின் காதையும் ஒட்டகத்தையும் கூறும் திருக்குர்ஆன் உவமையில், ‘ஜமல்’ என்பதை ‘ஜும்மல்’ என ஓதி, கப்பலின் தடித்த வடம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) பொருள் கொண்டதாக விரிவுரையாளர் குறிப்பிடுவர்.

கயிறு செய்தியானது 19ஆம் நூற்றாண்டில். செம்புக் கம்பியைக் கடல்நீர் தீண்டாமல் காக்க, மலாய்க் காடுகளின் ‘கட்டாபெர்ச்சா’ மரப்பால் உதவிற்று. அதன்மேல் இரும்புக் கம்பிகளை வடம்போல் சுற்றினர். பெயரும் கேபிள் என்றே நிலைத்தது. 1870இல் பம்பாய் இங்கிலாந்தோடு கடலடி வழியே இணைந்தது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும், அங்கிருந்து சைகோனைத் தொட்டு ஹாங்காங்குக்கும் கேபிள் சென்றது.

பினாங்கும் சிங்கப்பூரும் நாகூர், காரைக்கால் மரைக்காயர்கள் வணிகம் செய்த ஊர்கள். சைகோனோ பிரெஞ்சு ஆட்சியில் காரைக்கால் மக்கள் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற ஊர். கப்பலில் வரும் கடிதத்திற்காக வாரக்கணக்கில் காத்திருந்த இல்லங்களுக்கு விரைவான வழி பிறந்தது. ஆயினும் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். வணிகர் நீண்ட செய்தியை ஒரே குறிச்சொல்லில் அடக்கினர். எளியோர் பெரும்பாலும் தவிர்க்க முடியாத செய்திக்கே தந்தி கொடுத்தனர். தந்திக்காரரைக் கண்டதும் தாய்மார் நெஞ்சம் நடுங்கியது இதனாலன்றோ!

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றது. கேபிள் முடிவுறவில்லை. 2002இல் அதே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளத்திற்குக் கண்ணாடி இழை வடம் இடப்பட்டது. அயல்நாட்டிலிருக்கும் மகனின் முகம் கைப்பேசிக்கு வானிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுவர். பெரும்பாலும் அது வருவது கடலடி வழியே.

கப்பலைப் பிணித்த வடம் இன்று பிரிந்தவரை வீட்டோடு பிணிக்கிறது. அன்று சொல்லுக்குச் சொல் காசு கொடுத்து நலம் கேட்டோம். இன்று காசு பெரிதன்று. நலம் கேட்கும் மனமே வேண்டும்.