நாணயஸ்தனின் ஜாதகம்

ஒரு சிறு வீடு வாங்கலாம் என்ற விபரீத ஆசை சில வருஷங்களுக்கு முன் எனக்கு ஏற்பட்டது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வரக்கூடாத ஆசைதான். இருந்தாலும் வந்துவிட்டது. கையில் இருந்த பணம் விலையில் நாலில் ஒரு பங்கு தேறும். மீதிக்குக் கடன் கேட்டு ஒரு பாங்குக்குப் போனேன். மேஜைக்கு எதிரே இருந்த பையன் மிகவும் மரியாதையாகவே பேசினான்.

"ஸார், உங்கள் மார்க்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

காலேஜில் கணக்கில் வாங்கிய மார்க்கைக் கேட்கிறானோ என்று ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, அது இல்லை. கடன் வாங்கித் திருப்பிக் கொடுப்பதில் நான் வாங்கியிருக்கும் மார்க்கைக் கேட்டான்.

"நான் இது வரையில் யாரிடமும் ஒரு ரூபாய் கடன் பட்டதில்லை, தம்பி" என்று சற்றுப் பெருமையோடு சொன்னேன்.

பையன் முகம் வாடிவிட்டது. "அதுதான் ஸார் சிக்கல். கடனே வாங்காதவர் திருப்பிக் கொடுப்பாரா மாட்டாரா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில் தோன்றாமல் எழுந்து வந்தேன். வரும் வழியில் என் தகப்பனார் ஞாபகம் வந்தது. எங்கள் தெரு மளிகைக் கடைச் செட்டியார் அவர் பெயருக்கு ஒரு பற்று வரவு நோட்டு வைத்திருந்தார். சம்பளம் வந்த அன்றே அப்பா கணக்கைத் தீர்த்துவிடுவார். "ஐயா நாணயஸ்தர்" என்பார் செட்டியார். அந்த ஒரு சொல்தான் அப்பாவின் மார்க்கு. தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்த நம் முன்னோர்கள் உலக அனுபவம் உள்ளவர்கள்தான்.

இந்த நாணயத்துக்கு மார்க்குப் போடும் வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கப் போனேன். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்து ஒரு பட்டுக் கடையில் போய் நின்றது.

அந்தக் கடையை நடத்தியவர்கள் ஆர்தர் டாப்பன், லூயிஸ் டாப்பன் என்ற சகோதரர்கள். இளையவரான லூயிஸ் 1788-ல் பிறந்தவர். தெய்வபக்தி, கண்டிப்பு, பிடிவாதம் மூன்றும் நிரம்பியவர். மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது மகா பாவம் என்று நம்பி, அடிமை முறையை ஒழிப்பதற்குத் தம் பணத்தையும் காலத்தையும் செலவிட்டவர். அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1834-ம் வருஷம் ஜூலை மாதம் ஒரு கும்பல் அவர் வீட்டுக்குள் புகுந்து, மேஜை நாற்காலிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது.

அந்த அடியைத் தாங்கியவர்களை 1837-ம் வருஷத்துப் பணமுடை சாய்த்துவிட்டது. அந்த நாளில் தூர தேசத்துச் சில்லறை வியாபாரிகள் நியூயார்க்குக்கு வந்து ஆறு மாதக் கடனில் சரக்கு எடுத்துப் போவார்கள். சரக்கு விற்றால் பணம் வரும். கடை மூழ்கினால் கடனும் மூழ்கும். பாங்குகள் கதவை மூடின. கடன் வாங்கியவர்கள் கையை விரித்தார்கள். டாப்பன் கம்பெனியும் நொடித்தது.

நொடித்த மனிதர் சும்மா உட்காரவில்லை. 'யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்தக் கதி வந்திராதே!' என்று யோசித்தார். ஒரே ஊரில் இருந்தால் முகம் பார்த்துக் கொடுக்கலாம். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவன் முகத்தை யார் பார்த்தார்கள்? ஆகவே 1841-ல் 'மெர்க்கன்டைல் ஏஜென்ஸி' என்று ஒரு ஸ்தாபனம் ஆரம்பித்தார். ஊர் ஊராக நிருபர்களைப் பிடித்தார். பெரும்பாலும் வக்கீல்கள். தம் ஊர்க் கடைக்காரர்களின் யோக்யதாம்சங்களை அவர்கள் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பிரதியாக, அந்த ஊரில் வசூலிக்க வேண்டிய பாக்கி வழக்குகள் அவர்களுக்கு வரும். இல்லினாய் மாகாணத்தில் வக்கீலாயிருந்த ஆபிரகாம் லிங்கனும் இந்த நிருபர்களில் ஒருவர் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

கடிதங்களைப் பெரிய பெரிய பேரேடுகளில் குமாஸ்தாக்கள் பதிந்து வைத்தார்கள். சந்தா கட்டிய வியாபாரி நேரில் வந்து கேட்டால் குமாஸ்தா வாசித்துக் காட்டுவார். எழுதி எடுத்துக்கொண்டு போக அனுமதி கிடையாது. பேரேட்டில் ஆஸ்தி பாஸ்தி மட்டுமா இருந்தது? ஆசாமி குடிப்பானா, குடும்பஸ்தனா, சூதாடுவானா, மாமனாருக்குச் சொத்து உண்டா, ஊரில் என்ன பெயர் – எல்லாம் இருந்தன. நம் ஊரில் பெண் கொடுப்பதற்கு முன்னால் விசாரிப்போமே, கிட்டத்தட்ட அதே விசாரணைதான். அந்தப் பேரேடுகள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இன்றும் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருக்கின்றன.

இதை எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. 'இது வியாபாரமா, வேவு பார்ப்பதா?' என்று பத்திரிகைகள் சாடின. அடிமைகளை வைத்திருந்த தென் மாகாணத்தாருக்கு டாப்பன் பெயரே வேம்பு. 1849-ல் அவர் ஸ்தாபனத்தை விட்டு விலகி, தம் மிச்ச வாழ்நாளைத் தருமப் பணிக்குக் கொடுத்துவிட்டார். பேரேடு மட்டும் நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது.

முதலில் வியாபாரிகளின் ஜாதகத்தைத்தான் கணித்தார்கள். சாதாரணக் குடும்பஸ்தனின் முறையும் வந்தது. 1899-ல் அட்லாண்டா நகரில் உல்ஃபோர்டு என்ற சகோதரர்கள், ஊர்க் கடைகளில் யார் யார் எப்படிப் பாக்கி கொடுக்கிறார்கள் என்று விசாரித்துப் புத்தகமாகப் போட்டு விற்றார்கள். உடனே கொடுப்பவர், இழுத்தடிப்பவர், ரொக்கம் வாங்கிக்கொண்டே சரக்குத் தர வேண்டியவர் என்று மூன்று வகை! செட்டியாரின் நோட்டு அச்சேறிவிட்டது. அந்தக் கம்பெனிதான் இன்று 'ஈக்விஃபாக்ஸ்' என்ற பெயரோடு உலகெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும், தப்பு இருந்தால் திருத்தச் சொல்லவும் சாமானியனுக்கு உரிமை கொடுத்த சட்டம் 1970-ல்தான் அமெரிக்காவில் வந்தது. எழுபது வருஷ காலம் அவனுடைய ஜாதகத்தை அவனைத் தவிர மற்றவர்கள் படித்தார்கள்.

வீட்டுக் கடன் விஷயத்துக்கு வருவோம். 1930-க்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டின் மேல் கடன் வாங்கினால், ஐந்து வருஷம் போலத் தவணை. கடைசியில் அசல் மொத்தமாக வந்து நிற்கும். மந்தம் வந்தபோது லட்சக் கணக்கான பேர் வீட்டை இழந்தார்கள். 1933-ல் ஸர்க்கார் ஒரு ஸ்தாபனம் அமைத்து, சுமார் பத்து லட்சம் கடன்களைத் தானே வாங்கிக்கொண்டு, பதினைந்து வருஷத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. மாதா மாதம் வட்டியும் அசலுமாக நாம் கட்டுகிறோமே, அந்த முறை பரவியது இதற்குப் பிறகுதான்.

நல்ல காரியம். ஆனால் அதே ஸ்தாபனம் இருநூறு நகரங்களுக்கு மேல் படம் போட்டு, பேட்டை பேட்டையாக வர்ணம் பூசியது. பச்சை என்றால் உத்தமம். சிவப்பு என்றால் அபாயம். கறுப்பு மக்கள் குடியிருந்த பேட்டைகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. 1934-ல் வீட்டுக் கடன்களுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்க ஏற்பட்ட இலாகாவும் அப்படிப்பட்ட இடங்களை ஒதுக்கியது. பத்துப் பைசா பாக்கி வைக்காத மனிதனாக இருந்தாலும், பிறந்த இனத்துக்காக அவனுக்கு வீடு இல்லை. அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்டவர் விதைத்த செடி, அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கு இந்தக் கனியைக் கொடுத்தது. 1968-ல் வந்த சட்டம்தான் இதைக் குற்றமாக்கியது. பெண் கடன் கேட்டால் புருஷனின் கையெழுத்தைக் கேட்பதை 1974-ம் வருஷத்துச் சட்டம் நிறுத்தியது.

ஆள் முகத்தைப் பார்ப்பதால்தானே வம்பு, முகமே வேண்டாம் என்று எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1956-ல் ஃபேர் என்ற என்ஜினீயரும் ஐஸக் என்ற கணித நிபுணரும் தொடங்கிய கம்பெனி, 1989-ல் எல்லோருக்கும் பொதுவான மார்க்கு ஒன்றைக் கொண்டுவந்தது. 300-லிருந்து 850 வரை. 1995 முதல் வீட்டுக் கடனுக்கும் அதுவே உரைகல் ஆயிற்று. காலத்தில் கட்டினானா என்பதற்கு நூற்றுக்கு 35 பங்கு; எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30; எத்தனை காலத்துக் கணக்கு என்பதற்கு 15; புதுக் கடன்களுக்குப் பத்து; கடன்களின் வகைக்குப் பத்து. இனம், மதம், ஆண், பெண் எதுவும் கணக்கில் கிடையாது. நியாயம்தான். ஆனால் நேற்று வரை கடன் மறுக்கப்பட்டவனுக்குக் கணக்கு ஏது? அவனும் என்னைப் போல வெற்றுக் காகிதத்தோடு வந்து நிற்க வேண்டியதுதான். நான் என் இஷ்டத்துக்குக் கடன் வாங்காதவன். அவன் கேட்டும் கிடைக்காதவன். எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நம் நாட்டில் 2000-ல் 'ஸிபில்' ஸ்தாபனம் ஏற்பட்டது; 2005-ல் சட்டம் வந்தது. இங்கே மார்க்கு 300 முதல் 900 வரை. 2017 முதல் வருஷத்துக்கு ஒரு தடவை நம் ஜாதகத்தை இனாமாக வாங்கிப் பார்க்கலாம்.

அந்தப் பையனே எனக்கு உபாயம் சொன்னான். என்னுடைய டெபாஸிட்டை ஈடு வைத்து ஒரு சின்னக் கிரெடிட் கார்டு வாங்கினேன். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்காமல், கெடு தேதிக்கு முன்னால் முழுப் பணத்தையும் கட்டி வந்தேன். "நாலு பாங்கில் ஒரே சமயத்தில் மனுப் போடாதீர்கள் ஸார், பணமுடை என்று அர்த்தமாகும். பழைய கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். வீட்டுக்கு மனுப் போட ஆறு மாதம் முன்பே அறிக்கையை வாங்கி, பெயர், பாக்கி எல்லாம் சரியா என்று பாருங்கள்" என்றான். ஒரு வருஷம் கழித்துப் போனேன். எண்ணைப் பார்த்துப் பையன் சிரித்தான். கடன் கிடைத்துவிட்டது.

ஒன்று மட்டும் மனசில் நிற்கிறது. அப்பா டைபாய்டில் இரண்டு மாதம் படுத்திருந்தபோது கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. செட்டியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் மாதமும் அரிசி மூட்டை வந்து இறங்கியது. பாக்கி ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். டாப்பனின் பேரேட்டில் காரணங்கள் இருந்தன. காரணத்தோடு வம்பும் துவேஷமும் சேர்ந்து இருந்தன. இன்றைய எண்ணில் வம்பு இல்லை, காரணமும் இல்லை. எது மேல் என்று கேட்டால், வீடு கட்டிக் குடி வந்துவிட்ட நான் எண்ணைக் குறை சொல்வது நன்றாக இராது. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் தவணை கட்டும் தேதியன்று, இந்த மாதம் உடம்புக்கு எதுவும் வரக்கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.