தாது வருஷப் பஞ்சமும் ஒரு பாதரசக் குழாயும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

தருமபுரியில் உட்கார்ந்து செல்போனில் வானிலை பார்த்தால், காற்றழுத்தம் 1010 மில்லிபார் என்பதுபோல ஏதாவது காட்டும். அது நம் ஊர்க் காற்றின் உண்மையான அழுத்தம் இல்லை. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 9 மீட்டர் மேலே ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 மில்லிபார் குறைந்து 960க்குப் பக்கத்தில் வரும். பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரம் நிற்கும் என்று பாடத்தில் படித்தோமே, நம் ஊரில் 72தான் நிற்கும். ஏற்காட்டுக்குப் போனால் 64ஐத் தொடுவதே கஷ்டம்.

அப்படியானால் செல்போன் பொய் சொல்கிறதா? இல்லை. எல்லா ஊர் அளவையும் கடல் மட்டத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. மேட்டில் இருக்கும் ஊரையும் பள்ளத்தில் இருக்கும் ஊரையும் ஒரே தராசில் நிறுத்தினால்தான் எங்கே அழுத்தம் கூடியது, எங்கே குறைந்தது என்று ஒப்பிட முடியும். அந்த ஒப்பீடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் முன்னோர் பட்ட பாட்டோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1643-ல் இத்தாலியில் டாரிசெல்லி ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பிப் பாத்திரத்தில் கவிழ்த்தார். முழுவதும் கொட்டிவிடாமல் சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றது. வெளியே இருக்கும் காற்றுதான் அதைத் தாங்கி நிற்கிறது என்றார். 1648-ல் பிரான்சில் பாஸ்கல் தன் அக்கா வீட்டுக்காரர் பெரியேவிடம் அதே கருவியைக் கொடுத்து மலை ஏறச் சொன்னார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு என்பது நிரூபணமானது. கருவி என்று பார்த்தால் ஒரு குழாய், ஒரு கிண்ணம், ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

நம் மாநிலத்தில் 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டினார்கள். 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்பு எழுதி வந்தார்கள். அந்தக் கால கருங்கல் தூண் ஒன்று தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னையில் இருக்கும் பிள்ளைகள் வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

ஆனால் அப்போது ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாகத்தான் அளந்தது. 1864-ல் கல்கத்தாவைப் புயல் அழித்தது. பின்னால் மழை பொய்த்துப் பஞ்சமும் வந்தது. அதன் பிறகுதான், 1875-ல், இந்தியா முழுவதுக்கும் ஒரே வானிலைத் துறை அமைத்து ஹென்றி பிளான்ஃபோர்டைத் தலைவராகப் போட்டார்கள். எல்லா நிலையத்துப் பாரமானிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது அவருடைய முக்கிய வேலை.

மறு வருஷமே வந்தது தாது வருஷம். 1876-ல் மழை தவறியது. 1877-லும் தென்மேற்குப் பருவம் ஏமாற்றியது. அன்று தருமபுரி சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1876 முதல் 1878 வரை நாட்டில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். வானம் மட்டும் கொன்றது என்று சொல்ல மாட்டேன். தானியம் கப்பலில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலையில் கல் உடைத்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம் என்று கூலியைக் குறைத்தார்கள்.

பிளான்ஃபோர்டு தன் கணக்கைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மழை இல்லாத அந்தக் காலத்தில் காற்றழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. பிற நாடுகளின் கணக்கையும் பார்த்தார். தென் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் டாட் எழுதி வைத்திருந்த அளவுகளும் 1877-ல் அப்படியே கூடியிருந்தன. நம் பஞ்சம் நம் ஊர் வானத்தோடு முடிகிற விஷயம் இல்லை, பாதி உலகத்துக் காற்றோடு தொடர்புள்ளது என்ற முதல் தடயம் இது.

அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை துறைத் தலைவர், கணித மேதை. 1913-ல் நம் ராமானுஜனின் கணக்குகளைச் சென்னையில் பார்த்துவிட்டு, இவருக்கு உதவ வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தவரும் இவரே. கம்ப்யூட்டர் இல்லாத காலம். இந்தியக் குமாஸ்தாக்கள் கையால் கணக்குப் போட்டார்கள். இந்தியப் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் பசிபிக் பக்கம் இறங்குகிறது, சீசா பலகை மாதிரி என்று கண்டுபிடித்தார். 1969-ல் பியர்க்னஸ் என்ற அறிஞர் இதை எல் நினோவோடு இணைத்துக் காட்டினார். தாது வருஷப் பஞ்சத்தின் பின்னால் இருந்ததும் ஒரு பெரிய எல் நினோதான் என்று இன்று சொல்கிறார்கள்.

இந்தச் சீசாவின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிபார்தான். பாரமானிகள் ஆளுக்கு ஒரு அளவு காட்டியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. தினமும் அதே நேரத்துக்கு வந்து, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் போன பெயர் தெரியாத ஊழியர்களால்தான், இந்த வருஷம் மழை எப்படி இருக்கும் என்று இன்று நம் விவசாயிக்கு ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

கடைசியாக வீட்டுப் பாடம். சில செல்போன்களில் அழுத்தம் அளக்கும் சென்சார் இருக்கிறது. அது நீங்கள் இருக்கும் இடத்தின் உண்மையான அழுத்தத்தைக் காட்டும். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பத்து நாள் பார்த்து, பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். புயல் மழை இல்லாத நாளில் மாலை அளவு சுமார் மூன்று மில்லிபார் குறைவாக இருக்கும். தினமும் அப்படித்தான் ஏறி இறங்கும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு 910 சொச்சம் வர வேண்டும், சென்னையில் 1000க்கு மேல். யார் யாருக்கு என்ன வந்தது என்று ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். ஊரின் உயரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்