வெற்றிடம் உரைத்த செய்தி

வானில் புதியதொன்றைக் கண்டு புகழெய்திய அறிஞர் பலர். அங்கே ஒன்றும் இல்லாத இடத்தைக் கண்டு புகழெய்தியவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் டேனியல் கர்க்வுட்.

1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்பார் சீரிஸ் என்னும் சிறுகோளைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் பெருங்கூட்டத்தில் முதன்முதலாக அறியப்பட்டது அதுவே. 1860-களின் நடுவில் அறியப்பட்டவற்றின் எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது. அவை ஞாயிற்றிலிருந்து இருக்கும் தொலைவுகளைக் கர்க்வுட் வரிசைப்படுத்தி நோக்கினார். இடையிடையே சில தொலைவுகளில் சிறுகோளே இல்லை. 1866-இல் அவர் அதற்குக் காரணம் கூறினார். அவ்விடங்களை வெறுமையாக்கியது வியாழனே என்றார்.

வியாழன் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். புவியின் தொலைவைப்போல் இரண்டரை மடங்குத் தொலைவில் உள்ள பாறை, அக்காலத்தில் மும்முறை சுற்றிவிடும். ஆதலின் வியாழனின் ஈர்ப்பு ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அதன்மேல் படுகிறது. ஊஞ்சலை உரிய நேரத்தில் மெல்லத் தள்ளினாலும் அது மேன்மேலும் உயர்வதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

அங்கிருந்த பாறைகள் எங்கே சென்றன? கையால் கணித்து முடிக்கக்கூடிய கணக்கன்று அது. நூறாண்டுகளுக்குப் பின்னர், 1980-களில், ஜாக் விஸ்டம் என்னும் அமெரிக்க அறிஞர் கணிப்பொறியின் துணையால் பல இலட்சம் ஆண்டுகளின் போக்கை ஆராய்ந்தார். நெடுங்காலம் அமைதியாகச் சுற்றும் பாறையின் பாதை, திடீரென நீண்டு செவ்வாயின் பாதையைக் கடப்பதை அவர் கண்டார். மேலும் நீண்டால் அது புவியின் பாதையையும் எட்டும் என்று 1985-இல் காட்டினார். மோதலில் சிதறும் துண்டுகள் இன்றும் அவ்வெற்றிடத்துள் வந்து விழுகின்றன. எனவே அது வெறும் இடமன்று, வாயில்.

அவ்வாயிலில் நுழைபவை யாவும் நம்மை நோக்கி வருவதில்லை. மிகப் பல ஞாயிற்றில் வீழ்ந்து அழிகின்றன. வேறு பலவற்றை வியாழனே ஞாயிற்றுக் குடும்பத்திற்கு வெளியே எறிந்துவிடுகிறது. புவியை அடைவன மிகச் சிலவே. எனினும் அச்சிலவற்றைப் புறக்கணித்தல் தகாது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர்மீது ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள பாறை ஒன்று வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஞாயிற்றின் திசையிலிருந்து வந்தமையால், அதனை எவரும் முன்கூட்டிக் காணவில்லை. வியாழனின் இழுப்பை நம்மால் தடுக்க இயலாது. அது அனுப்பும் பாறைகளைக் காலத்தே கண்டறிந்து கணக்கிடுவது நம் கையில் உள்ளது.