முன்சக்கரத்து பிரேக்



இயந்திரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் வேகத்தைப் பற்றியே விரிவாக எழுதுவர். எந்த வண்டி எந்த ஆண்டில் மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று என்பது ஏடுகளில் எளிதில் கிடைக்கும். ஓடிய வண்டியை நிறுத்த வழிகண்டவர் யாவர் என்பதைத் தேடித்தான் காணவேண்டும். அந்தத் தேட்டம் எனக்குப் பிறந்தது ஒரு மலைச்சாலையின் இறக்கத்தில்.

1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் உண்டு. ஒருநாள் அதில் இறங்கி வருகையில், முன்னே சென்ற பேருந்து வளைவில் நின்றுவிட்டது. வலக்கையால் பிரேக்கை இறுக்கினேன். நெம்புகோல் கைப்பிடியோடு வந்து ஒட்டிற்றேயன்றி வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை மிதித்தபடி சாலையோர மண்மேட்டில் ஏற்றித் தப்பினேன். பேருந்தின் பின்கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமியின் முகம் இன்றும் மறக்கவில்லை.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் மிதிவண்டியின் உடன்பிறப்புகளே. ஆதலால் அவற்றின் பிரேக்கும் மிதிவண்டியின் பிரேக்கே: சக்கரத்தின் விளிம்பை ஒரு கட்டை அழுத்தும், அவ்வளவுதான். மழை பெய்தால் அதுவும் பயன்படாது. 1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லூயி ரெனோ, மூடிய டிரம் ஒன்றினுள் இரு ஷூக்கள் விரிந்து அழுத்தும் முறையை மோட்டார் வண்டிக்கு வகுத்தளித்தார். மோட்டார் சைக்கிளுக்கு அது பரவலாக வந்து சேர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. முன்சக்கரத்தைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற அச்சம் ஓட்டுவோரிடையே நெடுநாள் நிலவிற்று. உண்மை இதற்கு மாறானது. வேகம் தணியும்போது வண்டியின் பளு முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. எனவே நிறுத்தும் ஆற்றலின் பெரும்பங்கு அங்கேதான் கிடைக்கும்.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்பதற்குள் ஏறக்குறைய 46 மீட்டர் ஓடிவிடும். அதுவே 6 மீட்டராயின் 23 மீட்டரில் நிற்கும். எஞ்சிய 23 மீட்டருக்குள்தான் என் பேருந்து நின்றிருந்தது.

இனி டிரம்மின் உள்ளே நோக்குவோம். பிறைவடிவான இரு ஷூக்கள் ஒருமுனையில் கீலிட்டிருக்கும்; மறுமுனையில் கேம் என்னும் சிறு திருகுக்கட்டை அவற்றை விரிக்கும். இரண்டும் ஒத்தவை போலத் தோன்றினும் செயலில் ஒத்தவையல்ல. கைத்தடியை முன்னே சாய்த்து ஊன்றித் தள்ளிச் செல்லுங்கள்; அது தரையைக் கவ்விக்கொள்ளும். அதே தடியைப் பின்னே இழுத்துச் செல்லுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். சக்கரத்தின் சுழற்சியே ஒரு ஷூவைத் தன்பால் இழுத்து மேலும் அழுத்துகிறது. அதனை லீடிங் ஷூ என்பர். மற்றதைச் சுழற்சி தள்ளிவிடுகிறது. அது டிரெய்லிங் ஷூ. ஆக, என் வண்டியின் பிரேக்கில் பாதி, பிறந்தநாள்முதல் சோம்பியே இருந்திருக்கிறது!

இக்குறையை வெல்லப் பலர் முயன்றனர். 1936இல் வெளிவந்த வின்சென்ட் ராபிட் வண்டியில் ஒவ்வொரு சக்கரத்திற்கும் இரண்டு டிரம்கள் வைத்தனர். இன்னும் நுட்பமான வழி, இரு கேம்களை எதிரெதிரே அமைத்து இரு ஷூக்களையும் லீடிங் ஆக்குவது. பந்தய வண்டிகளில் முன்பே வழங்கிய இம்முறையை டிரையம்ப் நிறுவனம் 1968ஆம் ஆண்டு தன் 650 சி.சி. வண்டிகளின் 8 அங்குல டிரம்மில் அமைத்தது. அடுத்த ஆண்டே ஹோண்டாவின் சி.பி. 750 டிஸ்க் பிரேக்கோடு சந்தைக்கு வந்தது. டிரம் தன் திறமையின் உச்சியை எட்டியபோதே அதன் காலம் முடியத் தொடங்கிவிட்டது.

ஷூவின்மேல் ஒட்டும் லைனிங்குக்குத் தனிக்கதை உண்டு. குதிரைவண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய செருப்புத்தோலை வைத்துக் கட்டுவதைக் கண்டுதான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர் ஆய்வில் இறங்கினார் என்பர். 1897இல் அவர் தொடங்கிய தொழிலே பின்னர் ஃபெரோடோ எனப் பெயர்பெற்றது. தோலுக்கும் துணிக்கும் பின் அஸ்பெஸ்டாஸ் வந்தது. வெப்பத்தைத் தாங்கிற்று, ஆனால் அதன் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைத்தது. பிரிட்டன் 1999இல் அதனை முற்றிலும் தடைசெய்தது. பழைய டிரம்மைத் திறப்போர் உள்ளிருக்கும் தூசை வாயால் ஊதக் கூடாது. காற்றுக் குழாயாலும் ஊதக் கூடாது. முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும். எத்தனை தொழிலாளர் இதனை அறியாமல் ஊதியிருப்பர்!

என் வண்டிக்கு வருகிறேன். அளந்து பார்த்ததில் டிரம் முழுவட்டமாக இல்லை; ஆரைக்கம்பிகளின் இழுவை அதனைச் சற்றே நீள்வட்டமாக்கியிருந்தது. சக்கரத்தோடு சேர்த்து லேத்தில் மெல்லச் சீவினோம். அஸ்பெஸ்டாஸ் இல்லாத புது லைனிங் ஒட்டி, டிரம்மினுள் சுண்ணக்கட்டி பூசிச் சுழற்றிப் பார்த்தால், ஷூவின் நடுவில் மட்டும் வெண்மை படிந்தது. அதாவது தொட்டது அவ்வளவே. முனைக்கு முனை வெண்மை படியும்வரை லைனிங்கை லேத்தில் கடைய வேண்டியிருந்தது. அச்சின் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே மீண்டும் முடுக்கினால் ஷூக்கள் தாமே நடுவில் அமரும். செலவில்லாத வேலை இது, செய்வோர் குறைவு. நசுங்கி வளைந்த பழைய கேபிளையும் மாற்றினேன். கையின் வலிமையில் பாதியை அதுதான் தின்றுகொண்டிருந்தது.

பிறகு, அதே மரபில் பிற்காலத்தில் வந்த வண்டியொன்றின் இரட்டை லீடிங் ஷூத் தட்டு கிடைத்தது. இரு கேம்களையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைத் திருத்துவதற்கே ஒரு மாலைப்பொழுது சென்றது. இரு ஷூக்களும் ஒரே கணத்தில் தொடாவிட்டால் முயற்சி வீணாகும். ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். இரு விரல்கள் போதுமாயிருந்தன.

சில நாட்களுக்குப்பின் அதே மலைச்சாலையில் ஏறுகையில், மேட்டில் நிற்க நேர்ந்தது. முன்பிரேக்கைப் பிடித்திருந்தும் வண்டி மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. ஒருகணம் திகைத்தேன், பிறகு சிரிப்பு வந்தது. சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் லீடிங் ஷூக்கள் இரண்டுமே டிரெய்லிங் ஷூக்களாகிவிடும் அன்றோ! வலக்கையைத் தளர்த்திப் பின்பிரேக்கை மிதித்தேன்.