உள்ளங்கையில் ஒரு சுல்தான்

குஸ்தன்தீனிய்யாவை வென்ற சுல்தான் முஹம்மது அல்ஃபாதிஹ் அவர்களின் பெயரைக் கேளாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. 1453-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், தமது 21-ஆம் வயதில், அன்னார் அந்நகரினுள் புகுந்ததையும், அதற்கு முன்னர்க் கப்பல்களைத் தரைவழியே மேட்டின்மீது இழுத்துச் சென்று பொற்கொம்புக் கழியில் இறக்கியதையும் நம் பிள்ளைகள் கதை கதையாகக் கேட்டிருக்கிறார்கள். ஆயின், அந்தச் சுல்தானின் முகத் தோற்றத்தை உலகம் எவ்வாறு அறிந்துகொண்டது என்பதைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. உருவம் என்ற சொல் வந்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவது நமது வழக்கம். அவ்வழக்கத்திற்குத் தக்க காரணம் உண்டு. அதனை நாம் மதிக்கிறோம். எனினும், வரலாறு கற்பிக்க முன்வந்தவர்கள் பேச்சைத் திருப்பிக்கொண்டே இருத்தல் இயலாது.

அந்த முகத்தை நமக்குக் காட்டுபவற்றுள் தலையாயவை, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத்தக்க சில வெண்கலப் பதக்கங்கள். அவை காசுகள் அல்ல. கடைத்தெருவில் செல்லுபடியாகக் கூடியனவும் அல்ல. ஒரு பக்கத்தில் மன்னரின் முகமும், மறுபக்கத்தில் அவருடைய புகழைச் சொல்லும் காட்சியும் புடைப்புச் சிற்பமாக அமைந்த நினைவுப் பொருள்கள் அவை. அரசர்கள் அவற்றை ஒருவருக்கொருவர் அன்பளிப்பாக அனுப்பினர். மேசைமீது வைத்துப் பார்த்தனர். கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிச் சுவைத்தனர்.

இக்கலை பிறந்த வரலாறே வியப்புக்குரியது. 1438-ஆம் ஆண்டு பைஸாந்தியச் சக்கரவர்த்தி எட்டாம் ஜான், உஸ்மானியர்களுக்கு எதிராக மேலை நாடுகளின் உதவியை நாடி இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தார். கிழக்கு, மேற்குத் திருச்சபைகளை இணைக்கும் மாநாடு அங்கே நடந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் பிஸனெல்லோ என்னும் ஓவியர் அவரைக் கண்டு, கூம்பிய தொப்பியோடு கூடிய அவருடைய பக்கத் தோற்றத்தை வெண்கலத்தில் வார்த்தார். மறுமலர்ச்சிக் காலப் பதக்கக் கலையின் தொடக்கம் என்று அறிஞர்கள் குறிப்பது அதனைத்தான். அந்த ஜானின் தம்பியாகிய கான்ஸ்டன்டைனே பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் குஸ்தன்தீனிய்யாவின் மதில்களைக் காத்து நின்று மடிந்த கடைசிச் சக்கரவர்த்தி. தோற்ற குடும்பத்தின் முகத்தோடு பிறந்த கலை, வென்றவரின் முகத்தைத் தேடி அதே நகருக்கு வந்தது.

செய்முறையைச் சற்றே விளக்கினால்தான் கைத்திறனின் அருமை புலப்படும். வட்டமான பலகையின்மீது மெழுகை வைத்து, அதில் சிறு கருவிகளால் உருவத்தைக் கிள்ளியும் சுரண்டியும் இழைப்பார்கள். மூக்கின் வளைவு, இமையின் கனம், தலைப்பாகைத் துணியின் மடிப்பு ஆகிய அத்தனையும் நூலிழைப் பருமனுக்குள் அடங்க வேண்டும். பின்னர் அதிலிருந்து அச்செடுத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றி, ஆறியபின் உளியால் செப்பம் செய்வர். நம் சுவாமிமலை வார்ப்பு வேலையிலும் மெழுகே முதல். ஆனால் அங்கே அச்சை உடைத்தே உருவை வெளியில் எடுப்பர். ஒரு மெழுகுக்கு ஓர் உருவம்தான். பதக்கத்திலோ ஒரு மூல உருவிலிருந்து பல பிரதிகள் வார்க்கலாம். இந்த வேறுபாடு பின்னால் பெரிதும் பயன்பட்டது.

சுல்தானின் ஆர்வம் நீண்ட காலத்தது. 1461-இல் ரிமினி நகரத் தலைவர் ஸிஜிஸ்மொண்டோ மலாடெஸ்டா, மாட்டேயோ தே பாஸ்டி என்னும் பதக்கச் சிற்பியை அவரிடம் அனுப்பி வைத்தார். சிற்பியின் கையில் அன்பளிப்பாகப் போர்க்கலை பற்றிய நூலொன்றும் இருந்தது. வழியில் கிரீட் தீவில் வெனிஸ் அதிகாரிகள் அவரைப் பிடித்துக்கொண்டனர். போர் இரகசியம் துருக்கியர் கைக்குப் போகிறதென்று ஐயம்! விசாரணைக்குப் பின் விடுதலையான சிற்பி, இஸ்தன்பூலைக் காணாமலே ஊர் திரும்பினார்.

அதன்பின் நேப்பிள்ஸ் மன்னர் அனுப்பிய கோஸ்டான்ஸோ வந்தார். அவர் வார்த்த பதக்கத்தின் விட்டம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. நம் கருத்தில், சுல்தானின் பதக்கங்களுள் இதற்கு இணை வேறில்லை. தடித்த கழுத்து, வளைந்த நாசி, அடர்ந்த தாடி, பெரிய தலைப்பாகை. முகத்தில் புன்னகை இல்லை, சினமும் இல்லை. நேரில் பார்த்த கை அது என்பதில் ஐயம் எழவே இடமில்லை. மறுபக்கத்தில் சுல்தான் குதிரைமீது அமர்ந்து, இலையுதிர்ந்த மரங்களிடையே செல்கிறார். படை இல்லை, கொடி இல்லை, வெட்டுண்டு கிடக்கும் பகைவர் இல்லை. சுற்றியுள்ள இலத்தீன் எழுத்துக்கள் மட்டும் அவரை மக்களையும் நகரங்களையும் சாய்த்த போரின் இடியேறு என்கின்றன. எழுத்து முழங்குகிறது, சிற்பம் அமைதியாகச் சவாரி செய்கிறது. அந்த அடக்கத்தைத்தான் நாம் பெரிதும் வியக்கிறோம்.

1479-இல் வெனிஸ் அரசுடன் சமாதானம் ஏற்பட்டதும், சுல்தான் கேட்டுக்கொண்டபடி ஜென்டீலே பெல்லீனி என்ற புகழ்பெற்ற ஓவியர் வந்தார். இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திற்கு உரிய, 1480 நவம்பர் 25-ஆம் நாளைத் தாங்கிய சுல்தானின் ஓவியம் அவர் பெயரால் வழங்குவது. அவரும் ஒரு பதக்கம் செய்தார். பின்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மகுடங்கள். தூரிகையில் சிறந்தவர் மெழுகில் அத்துணைச் சிறக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது பதக்கத்தின் பின்னணியில் ஒரு கொலை இருக்கிறது. 1478 ஏப்ரல் 26 அன்று, ஃப்ளாரன்ஸ் நகரின் பெரிய தேவாலயத்தில், வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போதே, லொரென்ஸோ தே மெடிச்சியின் தம்பி ஜூலியானோ குத்திக் கொல்லப்பட்டார். கொலைஞருள் ஒருவனாகிய பெர்னார்டோ பண்டீனி தப்பியோடி இஸ்தன்பூலில் ஒளிந்துகொண்டான். சுல்தான் அவனைப் பிடித்து ஃப்ளாரன்ஸிடமே ஒப்படைத்துவிட்டார். 1479 டிசம்பர் 29-ஆம் நாள், துருக்கிய உடையோடேயே அவன் தூக்கிலிடப்பட்டான். தொங்கும் அவ்வுடலை நின்று வரைந்துகொண்டவர் இளைஞராக இருந்த லியோனார்டோ டா வின்ஸி. அச்சித்திரம் இன்றும் உள்ளது. வழிபாட்டுத் தலத்தில் இரத்தம் சிந்தியவனுக்கு முஸ்லிம் சுல்தானின் நாட்டில் புகலிடம் கிடைக்கவில்லை என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இந்நன்றிக்காக லொரென்ஸோ செய்வித்தது என்று கருதப்படுவதே பெர்டோல்டோ என்னும் சிற்பியின் பதக்கம். அவர் டொனாடெல்லோவின் மாணவர். பிற்காலத்தில் இளம் மைக்கலாஞ்சலோ பயின்ற மெடிச்சித் தோட்டத்தின் காப்பாளர். ஆனால் அவர் சுல்தானைக் கண்டதில்லை. பிறர் செய்த உருவத்தைப் பார்த்தே முகத்தை இழைத்தார். அது முகத்தில் தெரிகிறது. பின்புறத்தில் வெற்றித் தேர் ஒன்று. கிரேக்கம், திரபிஸோந்து, ஆசியா என்று பெயர் பொறித்த மூன்று பெண்கள் அதில் கட்டுண்டு நிற்கின்றனர். இது பழைய உரோமர் கற்பனை. சுல்தானைப் பாராட்டுவதாக எண்ணி, அவரை ஓர் உரோமானியச் சீசராக மாற்றிவிட்டார் சிற்பி.

எனினும் சீசராவது சுல்தானுக்கு விருப்பமில்லாத ஒன்றன்று. ‘கைஸரே ரூம்’ என்னும் பட்டத்தை அவர் தாமே சூடிக்கொண்டார். அலெக்ஸாண்டரின் வரலாற்றில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் கிரிட்டோவூலோஸ் எழுதியிருக்கிறார். அலெக்ஸாண்டரும் சீசர்களும் உலோகத்தில் முகம் பதித்து நின்றவர்கள்.

இச்செய்திகளை நாம் பாடத்தில் கூறியபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஸ்ரத், அப்படியானால் சுல்தான் செய்தது ஆகுமானதா?” என்று வினவினார். நல்ல கேள்வி, ஆனால் அது பிக்ஹின் கேள்வி, வரலாற்றின் கேள்வியன்று. உயிருள்ளவற்றின் முழு உருவை நிழல் விழுமாறு வடிப்பது கூடாது என்பதில் நம் ஃபுகஹாக்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நிழல் விழாதவற்றை மாலிக்கீ அறிஞர் பலர் மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினர். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபில் கண்டிப்பு மிகுதி. இச்சட்டத்தைச் சுல்தான் ஒருவரின் விருப்பம் மாற்றிவிடாது. அதே போன்று, சட்டம் இருக்கிறது என்பதற்காக நடந்தது நடவாததாகிவிடாது.

உண்மையில் இக்கேள்வி நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்ததுதான். ஸஹாபாப் பெருமக்களின் கைகளில் புழங்கிய தங்கக் காசில் உரோமச் சக்கரவர்த்தியின் உருவமும், வெள்ளிக் காசில் பாரசீக மன்னனின் உருவமும் இருந்தன. உமய்யாக் கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 74 முதல் 77 வரையிலான காலத்தில், வாளின்மீது கை வைத்து நிற்கும் கலீஃபாவின் உருவத்தோடு தீனார்களை வெளியிட்டார். மறுபக்கத்தில் படிகளின்மேல் நின்ற சிலுவையின் குறுக்குக் கை நீக்கப்பட்டு, வெறும் கம்பம் மட்டும் நின்றது. அதே 77-ஆம் ஆண்டிலேயே அவர் உருவங்களை முற்றிலும் அகற்றி, திருமறை வசனங்களை மட்டும் தாங்கிய தீனாரை அச்சிட்டார். அரபு எழுத்து நாணயக் கலையின் அழகாக மலர்ந்தது அன்று முதல்தான். பின்னும் விலகல்கள் இருந்தன. ஹிஜ்ரி 1020-இல் ஜஹாங்கீர் பாதுஷா, கையில் மதுக்கிண்ணத்தோடு தமது உருவத்தைப் பொன் மொஹரில் பொறிக்கச் செய்தார். அச்சுக் கொல்லனின் கைத்திறனைப் பார்க்கும் கண் வியக்கிறது. கிண்ணத்தைப் பார்க்கும் கண் கூசுகிறது.

முஹம்மது அல்ஃபாதிஹ் அவ்வாறு செய்யவில்லை என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது. ஹிஜ்ரி 882-இல் அவர் ‘சுல்தானி’ என்னும் பொற்காசை முதன்முதலாக வெளியிட்டார். கோஸ்டான்ஸோவும் பெல்லீனியும் அவர் முகத்தை வார்த்த அதே காலப்பகுதி அது. ஆயினும் அக்காசில் முகம் இல்லை. கடலிலும் தரையிலும் வலிமையும் வெற்றியும் உடையவர் என்று அரபு எழுத்துக்கள் மட்டுமே உள்ளன. தம் குடிமக்களின் மடியில் புழங்கும் பொன்னில் எழுத்து; அயல்நாட்டு அரசவைகளுக்கென வார்த்த வெண்கலத்தில் முகம், அதுவும் இலத்தீன் மொழியோடு. எவரிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார் அவர். பதக்கத்தை மட்டும் பார்த்து அவர் ஐரோப்பியராக மாறிவிட்டார் என்று எழுதும் மேலை ஆசிரியர்கள் காசைப் பார்ப்பதில்லை. காசை மட்டும் காட்டிப் பெருமை பேசும் நம்மவர்கள் பதக்கத்தைப் பார்ப்பதில்லை.

1481 மே 3-ஆம் நாள் சுல்தான் மறைந்தார். அடுத்து வந்த மைந்தர் பாயஸீது, தந்தை சேர்த்திருந்த ஓவியங்களை அரண்மனையினின்றும் அகற்றிக் கடைத்தெருவில் விற்கச் செய்தார் என்று, சுல்தானிடம் பணியாற்றிய இத்தாலியர் ஆஞ்சியலெல்லோ எழுதி வைத்தார். மார்க்கப் பற்றுடைய மைந்தர் அவர். அவரைக் குறை கூற நாம் முற்படவில்லை. பெல்லீனியின் ஓவியம் எங்கெங்கோ அலைந்து, 1865-இல் வெனிஸ் நகரில் லேயார்டு என்னும் ஆங்கிலேயரின் கைக்குக் கிடைத்தது. அதன் வண்ணம் பெரிதும் சிதைந்து, பிறர் பூசிய பூச்சே இன்று மிகுதி. பதக்கங்களுக்கு அந்நிலை நேரவில்லை. ஒரு மூலத்திலிருந்து பல பிரதிகளாக வார்க்கப்பட்டு, முன்னரே இத்தாலிய இல்லங்களைச் சென்றடைந்திருந்தன அவை. கோஸ்டான்ஸோவின் பதக்கத்தில் ஆண்டு பொறித்த வகை ஒன்றும் உண்டு. அதில் காணப்படும் ஆண்டு 1481.