கருவி வந்தது 1973இல், வரைபடம் 1998இல்

1973இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் சிறுநீரியல் மருத்துவர் பிரான்ட்லி ஸ்காட்டின் குழு, உப்புநீரால் விறைக்கும் ஆண்குறிக் கருவியை அறிமுகப்படுத்தியது. இன்று அது குறிக்குள் இரண்டு உருளைகள், விதைப்பையில் ஒரு பம்பு, அடிவயிற்றில் ஒரு நீர்ப்பை.

நீரிழிவோ புரோஸ்டேட் புற்றுநோய் அறுவையோ பறித்ததை மீட்கும் சிகிச்சை இது. நான் எள்ளி நகையாடவில்லை. அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தொற்று வந்தால் கருவியையே எடுத்துவிட நேரலாம். பிறகு வலி, வீக்கம், பம்பை இயக்கும் பயிற்சி; உறவுக்குச் சுமார் ஆறு வாரக் காத்திருப்பு. அது விறைப்பைத் தரும், ஆசையைத் தராது.

பெண்ணின் இன்பம் பற்றி இதே துறைக்கு என்ன தெரிந்திருந்தது? கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உடலுக்குள் இருப்பதையும், பாடநூல்கள் அதைச் சரியாகக் காட்டாததையும் மெல்பர்ன் சிறுநீரியல் மருத்துவர் ஹெலன் ஓ'கானல் எழுதியது 1998இல். ஆணுக்குக் கருவி வந்து 25 ஆண்டுகள் கழித்து!

அந்த இடைவெளி இன்னும் வீடுகளில் இருக்கிறது. காயத்தைப் பார்த்து, மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் பெரும்பாலும் மனைவி. மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியால் உறவு அவளுக்கு வலிக்கலாம், விருப்பமே இல்லாதிருக்கலாம். அறுவைக்கு முன்பே அவளிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால், அதுவும் மருத்துவர் காதில் விழ வேண்டிய பதில்தான்.